டீசல் என்றொரு மனிதர்

நாள்தோறும் நம் காதில் விழும் சொற்களுள் டீசல் என்பதும் ஒன்று. பேருந்து நிலையத்தில் அதன் வாடை நம்மை எதிர்கொள்கிறது. கிணற்று மேட்டில் தடதடவென்று ஓடிய ஆயில் எஞ்சினின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பெற்றோருள் பலர். ஆயினும் இச்சொல்லின் பிறப்பை எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெட்ரோல் என்பது பாறை எண்ணெய் எனப் பொருள்படும் பழைய மொழிச் சொற்களிலிருந்து வந்த பெயர். டீசல் என்பதோ எண்ணெயின் பெயராகப் பிறந்ததன்று. அது ஒரு மனிதரின் பெயர். பசியையும் புகழையும் கடனையும் ஒருங்கே கண்ட மனிதர் அவர்.

அவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலரில் நாம் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. எம்.ரெட்டியபட்டியும் அதைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் கடன் என்பதே இங்குள்ள வாழ்க்கை. மிளகாய் மூட்டை, பருத்திப் பொதி, மல்லி, உளுந்து, சீமைக் கருவேலங்கரி ஆகியவற்றைக் கடைத்தெருவுக்குக் கொண்டு சேர்ப்பது தனிப் பாடு. ஆகவே சேமிப்பையும் நகையையும் சேர்த்து, மீதிக்குக் கடன் வாங்கி, ஒரு சிறு லோடு வண்டி வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. அப்போது வீட்டில் எழும் முதற் கேள்வி, டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா என்பதே. அண்ணன் ஒன்று சொல்வார். மாமா வேறொன்று சொல்வார். மெக்கானிக் மூன்றாவதாக ஒன்று சொல்வார். இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு ருடால்ப் டீசலின் வாழ்க்கை நல்ல துணையாகும் என்பது நம் எண்ணம்.

தள்ளுவண்டிச் சிறுவன்

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தை தியோடர், தாய் எலிசு. இருவரும் செருமனி நாட்டின் பவேரியப் பகுதியிலிருந்து பிழைப்பைத் தேடிப் பாரிசுக்கு வந்தவர்கள். தந்தை புத்தகங்களுக்குக் கட்டடம் கட்டுவதும் தோற்பொருள்கள் செய்வதுமாகக் குடும்பத்தை நடத்தினார். அவர் செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது சிறுவன் ருடால்பின் வேலை. உலகத்துச் சரக்கு வண்டிகளுக்கெல்லாம் எஞ்சின் தரப்போகும் மனிதர், முதலில் தம் கைகளாலேயே சரக்கு வண்டி தள்ளினார் என்பது நினைத்து மகிழத் தக்கது.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அச்சிறுவன் பாரிசிலுள்ள தொழிற்கலைக் காட்சியகத்துக்குச் செல்வது வழக்கம். பீரங்கி இழுப்பதற்கென்று பதினெட்டாம் நூற்றாண்டில் குன்யோ என்பவர் செய்த நீராவி வண்டி அங்கே வைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த இயந்திரங்களைப் பார்த்து வரைவதில் அவன் பொழுது போனது. பன்னிரண்டு வயதில் பள்ளிப் படிப்பில் சிறந்து வெண்கலப் பதக்கமும் பெற்றான்.

ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1870-இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. செருமானியக் குடும்பங்கள் பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. வறுமை மிகவே, பன்னிரண்டு வயதுச் சிறுவனை ஆக்சுபர்க்கு நகரிலிருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பி வைத்தார்கள். அவ்வீட்டுப் பெரியவர் ஒரு கணித ஆசிரியர். அவருடைய ஆதரவில் ருடால்ப் தொழிற்பள்ளியில் சேர்ந்து முதல் மாணவனாகத் தேறினான். பொறியாளனாவதே தன் விருப்பம் என்று பதினான்கு வயதிலேயே பெற்றோருக்கு எழுதிவிட்டான். உடனே சம்பாதிக்கத் தொடங்க வேண்டும் என்பது பெற்றோரின் எண்ணம். 1875-இல் மியூனிக்குப் பொறியியல் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்ததால் மகனின் விருப்பமே நிறைவேறியது. உதவித்தொகையால் படிக்கும் நம் மாணவியர் இதை மனத்தில் கொள்ளட்டும்.

வீணாகும் வெப்பம்

மியூனிக்கில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் வான் லிண்டே. குளிர்சாதனத் தொழிலின் தந்தையருள் ஒருவர் அவர். நீராவி எஞ்சின் தனக்கு இடும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயனுள்ள வேலையாக மாற்றுவதில்லை என்று ஒரு நாள் வகுப்பில் அவர் விளக்கினார். எஞ்சிய வெப்பமெல்லாம் புகைபோக்கி வழியே வீணாகிறது. கூடை நிறையக் கரி போட்டு ஒரு பிடிக் கரியின் வேலையைப் பெறுவது போன்ற அந்த வீண் செலவு, வறுமையை அறிந்த மாணவரின் உள்ளத்தைத் தைத்தது. இதை மாற்றியே தீர்வதென்று அவர் உறுதி பூண்டார்.

1879-இல் இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் அவரைக் குடற்காய்ச்சல் தாக்கியது, தேர்வு தவறியது. அடுத்த தேர்வு வரும்வரை சுவிட்சர்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பழகிவிட்டு, 1880 சனவரியில் மிக உயர்ந்த சிறப்புடன் தேறினார். பின்னர்ப் பாரிசுக்குத் திரும்பி, தம் ஆசிரியரின் பனிக்கட்டித் தொழிலில் பொறுப்பேற்றார். 1883-இல் மார்த்தா என்னும் மங்கையை மணந்தார். ஆண்மக்கள் இருவரும் பெண் மகள் ஒருத்தியும் பிறந்தனர்.

பகலில் பனிக்கட்டி, இரவில் எஞ்சின் என அவர் வாழ்க்கை நடந்தது. நீராவிக்கு மாற்றாக அம்மோனியா ஆவியால் ஓடும் எஞ்சினை ஆராய்ந்தபோது அது வெடித்து, அவரைப் பல திங்கள் மருத்துவமனையில் கிடத்தியது. உடல் தேறியதும் வேறொரு வழியைச் சிந்தித்தார். அவ்வழியே இன்று நாம் டீசல் எஞ்சின் என்று அழைப்பது.

தீப்பொறி இல்லாத தீ

இவ்விடத்தில் இரண்டு எஞ்சின்களின் வேறுபாட்டைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். செருமனியைச் சேர்ந்த நிக்கோலாஸ் ஓட்டோ 1876-இல் நாலு வீச்சு எஞ்சினை நன்கு இயங்கச் செய்திருந்தார். இன்றைய பெட்ரோல் எஞ்சின் அதன் வழி வந்ததே. அதில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து சிலிண்டருக்குள் செல்கின்றன. பிசுட்டன் அக்கலவையைச் சுமார் பத்து மடங்கு அழுத்துகிறது. பிறகு ஸ்பார்க் பிளக் தீப்பொறி தந்து எரிக்கிறது. அதற்கு மேல் மிகுதியாக அழுத்தினால் பொறி விழுமுன்னரே கலவை தானாகப் பற்றி, எஞ்சின் தட்டத் தொடங்கும்.

டீசல் இவ்வாறு எண்ணினார்: காற்றை மட்டும் உள்ளே விட்டு அழுத்தினால் என்ன? காற்று தானாகப் பற்றாது. எனவே எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாமெல்லாம் தொட்டுப் பார்த்திருக்கிறோம். அழுத்தப்பட்ட காற்று சூடேறும் என்பதே அதன் பொருள். பதினாறு முதல் இருபது மடங்கு அழுத்தினால் காற்றின் சூடு ஐந்நூறு டிகிரியையும் தாண்டும். அந்த வேளையில் எண்ணெயைத் துளித் துளியாகப் பீய்ச்சினால் பொறியின் உதவியின்றியே அது பற்றிக்கொள்ளும். மிகுதியாக அழுத்துவதால் வெப்பத்தில் பெரும்பங்கு வேலையாக மாறும், வீணாவது குறையும்.

இவ்வெண்ணத்துக்கு 1892-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆக்சுபர்க்கு எஞ்சின் தொழிற்சாலையும் குருப்பு நிறுவனமும் பணம் தர முன்வந்தன. 1893 ஆகத்து 10-ஆம் நாள் முதல் சோதனை நடந்தது. டீசலின் எஞ்சினில் முதன்முதல் பற்றி எரிந்த எண்ணெய் எது தெரியுமா? பெட்ரோல்தான்! சிலிண்டருக்குள் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியது. அழுத்தத்தை அளக்கப் பொருத்திய கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர்கள் உயிர் தப்பியது பெரும்பேறு. எஞ்சின் ஓடவில்லை, ஆனால் எண்ணம் சரி என்பது விளங்கிவிட்டது.

1894 பிப்ரவரி 17-ஆம் நாள் தொழிற்சாலைப் பட்டையால் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணத்தில் பட்டை எஞ்சினை இழுப்பது நின்று, எஞ்சினே பட்டையை இழுக்கலாயிற்று. அதைக் கண்ட தொழிலாளி ஒருவர் ஒன்றும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றினார். எஞ்சின் தானாக ஓடியது ஒரே ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை ஒரு நாளாக்கவும் ஓர் ஆண்டாக்கவும் மேலும் மூன்று ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. 1897 பிப்ரவரி 17-ஆம் நாள் மியூனிக்குப் பேராசிரியர் சுரோட்டர் எஞ்சினை முறைப்படி அளந்தார். தரப்பட்ட வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறியது. அன்றிருந்த எந்த எஞ்சினும் எட்டாத அளவு அது. வகுப்பறையில் பிறந்த கனவு நனவாயிற்று.

தீப்பெட்டியும் கடலை எண்ணெயும்

விற்பனைக்கென்று செய்யப்பட்ட முதல் டீசல் எஞ்சின் எங்கே வேலைக்குச் சென்றது என்பதை அறிந்தால் நம் மாவட்டத்தார் வியப்பார்கள். 1898-இல் அது கெம்ப்டன் என்னும் ஊரிலிருந்த தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் சென்றது. சிவகாசியும் சாத்தூரும் தீப்பெட்டியால் வாழும் மாவட்டம் நம்முடையது. பெருமைக்குரிய அந்த முதல் எஞ்சின் அடிக்கடி பழுதாகிப் பெருந்தொல்லை கொடுத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1900-இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் டீசல் எஞ்சினுக்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. அங்கே ஒரு சிறு டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டினார்கள். எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாமலே அது ஓடியதாம். நிலத்தடி எண்ணெய் கிடைக்காத நாடுகளிலும் உழவர் விளைவிக்கும் வித்துகளின் எண்ணெயால் எஞ்சின் ஓடும் காலம் வரக்கூடும் என்று டீசல் பிற்காலத்தில் எழுதினார். எண்ணெய் வாணிகத்தில் பேர்பெற்ற விருதுநகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இச்செய்தி தனிச் சுவை தருவதன்றோ!

டீசலின் உள்ளக்கிடக்கையும் அதுவே. நீராவி எஞ்சின் பெரிய முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும். சிறிய பட்டறைக்காரரும் தச்சரும் நெசவாளரும் வைத்துக்கொள்ளத்தக்க சிக்கனமான எஞ்சின் இருந்தால் அவர்களும் பெரிய ஆலைகளுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கலாம் என்று அவர் கருதினார். தொழிலாளர் சிறு சிறு தொகை சேர்த்துத் தாமே தொழிற்கூடங்களை நடத்தும் கூட்டுறவு முறையை விளக்கி 1903-இல் ஒரு நூலும் வெளியிட்டார். பதினாயிரம் படிகள் அச்சாயின; விற்றவை சில நூறே. எஞ்சினை வாங்க உலகமே வரிசையில் நின்றது. அந்நூலை வாங்க ஆளில்லை.

எஞ்சினின் கணக்கும் வீட்டின் கணக்கும்

புகழோடு செல்வமும் வந்தது. அமெரிக்க நாட்டு உரிமைக்கு மட்டும் அடால்பசு புஷ் என்னும் செல்வர் பத்து இலட்சம் மார்க்கு கொடுத்தார். மியூனிக்கில் மாளிகை எழுந்தது. ஆனால் ஒரு சொட்டு எண்ணெயின் வெப்பத்தைக் கணக்கிட்ட அறிஞர் தம் பணத்தைக் கணக்கிடத் தவறினார். நில வாணிகத்திலும் எண்ணெய்க் கிணற்றுப் பங்குகளிலும் பெருந்தொகையை இழந்தார். காப்புரிமை வழக்குகள் தொடர்ந்தன. பழுதான எஞ்சின்களின் பழியும் சேர்ந்தது. ஓயாத உழைப்பால் உடல்நலமும் கெட்டது. வெளியே மாளிகையும் மதிப்பும். உள்ளே வட்டியும் கடனும்.

இதற்கிடையே எஞ்சின் வளர்ந்துகொண்டே போனது. 1912-இல் டென்மார்க்கின் செலாண்டியா என்னும் பெருங்கப்பல் டீசல் எஞ்சின்களால் கடல் கடந்து பாங்காக்குவரை சென்று புகழ்பெற்றது. வண்டிக்கு மட்டும் டீசல் எஞ்சின் பொருந்தவில்லை. முதற்கால எஞ்சின்கள் ஆளைவிட உயரமானவை. எண்ணெயைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவதற்கென்றே தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டும். அத்தனை பளுவையும் எந்த வண்டி தாங்கும்? லாரிக்கென்று ஒரு சிறு எஞ்சினையும் டீசல் முயன்று பார்த்தார். அது சந்தையில் எடுபடவில்லை.

சாலையைப் பெட்ரோல் எஞ்சின் பிடித்துக்கொண்டது. 1888-இல் பெர்த்தா பென்சு என்னும் பெண்மணி, கணவர் கார்ல் பென்சு செய்த மோட்டார் வண்டியில் தம் மக்கள் இருவரை ஏற்றிக்கொண்டு, சுமார் நூறு கிலோமீட்டர் தூரம் ஓட்டிச் சென்றார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டார். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் ஒரு தாயின் துணிவால் நடந்தது என்பது பெண்கள் பள்ளியின் மலரில் இடம்பெற வேண்டிய செய்தி.

1913 செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை டீசல் ஆன்ட்வெர்ப்புத் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். நண்பர்களுடன் உணவருந்திவிட்டு, காலையில் எழுப்பச் சொல்லி அறைக்குச் சென்றார். மறுநாள் அறையில் அவர் இல்லை. தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்தளத்தில் கிடந்தன. பல நாள் கழித்து ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டனர். அதிலிருந்து எடுத்த சிறு பொருள்களைப் பார்த்து, அவை தம் தந்தையுடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் கூறினார். கடலில் நடந்தது என்ன என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அவர் வீட்டில் எஞ்சியிருந்தது கடனே என்பது மட்டும் தெளிவு. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

தம் பெயர் தாங்கிய லாரிகளைப் பார்க்க அவர் உயிரோடில்லை. பத்தாண்டுகள் கழித்தே, 1923, 1924-ஆம் ஆண்டுகளில், செருமனியில் பென்சு, மான் ஆகிய நிறுவனங்கள் டீசல் லாரிகளைக் கொண்டு வந்தன. 1927-இல் பாஷ் நிறுவனம் எண்ணெய் பீய்ச்சும் சிறிய பம்பை ஏராளமாகச் செய்யத் தொடங்கியபின் காற்றழுத்தியின் தேவை ஒழிந்தது. நம் நாட்டில் 1946-இல் பூனாவில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் நிறுவனம் தோன்றியது. 1954-இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா நிறுவனத்தின் டீசல் லாரிகள் வரலாயின. கமலை இறைத்த கிணறுகளில் ஆயில் எஞ்சின் ஏறியது. சிறு தொழிலாளிக்கென்று டீசல் கனவு கண்ட எஞ்சின், அவர் கண்டறியாத கரிசல் காட்டு உழவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

நம் வாசலில் நிற்கும் கேள்வி

இனி நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். 2005-இல் டாடா நிறுவனம் ஏஸ் என்னும் சிறு லோடு வண்டியை வெளியிட்டது. நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் சூட்டினார்கள். அப்போது அது இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு வந்தது. 2020-இல் அதே வண்டி பெட்ரோல் எஞ்சினோடும் வந்தது. 2022-இல் மின்கல வண்டியும் அறிமுகமாயிற்று. ஆகவே முன்னாளில் லோடு வண்டி என்றாலே டீசல் என்றிருந்த நிலை மாறி, இன்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது.

டீசலின் பக்கம் உள்ள நன்மைகள் யாவை? மிகுதியாக அழுத்துவதால் எண்ணெய்ச் சிக்கனம் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சற்று மிகுதியான ஆற்றலும் அடங்கியிருக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே இழுவை நன்றாக இருக்கும். பாரம் ஏற்றிக் கிளம்பும்போதும், மழைக்குப் பின் கரிசல் சேற்றில் சக்கரம் புதையும்போதும் அந்த இழுவையின் அருமை தெரியும். பெரும் பாரத்தோடு நாள் முழுதும் ஓடும் வண்டிக்குச் சிறு பெட்ரோல் எஞ்சின் யானைப் பசிக்குச் சோளப்பொரி போன்றது.

பெட்ரோலின் பக்கமும் நன்மைகள் உண்டு. அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டியிராததால் எஞ்சின் பளு குறைந்தது. வண்டியின் விலையும் பொதுவாகக் குறைவு. ஓசையும் அதிர்வும் குறைவு. டீசல் எஞ்சினின் பம்பும் நாசிலும் பழுதானால் ஆகும் செலவு கூடுதல். தூசியும் தண்ணீரும் கலந்த எண்ணெயை அவை பொறுக்கமாட்டா.

காலத்தால் மாறியவை இரண்டைக் குறிப்பிட வேண்டும். முன்பெல்லாம் அரசின் விலைக் கட்டுப்பாட்டால் டீசல் பெட்ரோலைவிட வெகு மலிவாக இருந்தது. 2014 அக்டோபரில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. விலை இடைவெளியும் சுருங்கியது. அடுத்து, 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஆறாம் நிலைப் புகைக் கட்டுப்பாடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. டீசல் புகை புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2012-இலேயே அறிவித்திருந்ததை எண்ணினால் இக்கட்டுப்பாட்டின் தேவை விளங்கும். புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து சுத்தமாகும். நாள்தோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும்.

ஆகவே எது நல்லது என்று கேட்பது சரியான கேள்வியாகாது. எந்த வேலைக்கு எது என்று கேட்பதே சரி. கணக்குப் போடும் முறையை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். எண்கள் கற்பனையே, அவரவர் கடையில் விசாரித்த எண்களை இட்டுக்கொள்ளலாம். டீசல் வண்டிக்கு அறுபதாயிரம் ரூபாய் கூடுதல் விலை என்று வைப்போம். எரிபொருளில் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம் என்று வைப்போம். அறுபதாயிரத்தை ஒன்றரையால் வகுத்தால் நாற்பதாயிரம். அதாவது, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகே டீசல் வண்டி தன் கூடுதல் விலையை ஈடு செய்யும்.

மதுரைக்கும் விருதுநகருக்கும் சரக்கேற்றி, நாளுக்கு நூறு கிலோமீட்டராக ஆண்டில் முந்நூறு நாள் ஓடும் வண்டி, ஓர் ஆண்டும் நான்கு மாதமும் கடந்ததும் அதை ஈடுகட்டிவிடும். அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டரும் மிச்சம். ஊருக்குள் காய்கறியும் தண்ணீர்க் கேனும் சுமந்து நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கோ ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் கடனுக்கான வட்டியே மிச்சத்தை விழுங்கிவிடும். முன்னவருக்கு டீசல், பின்னவருக்குப் பெட்ரோல். இருவரும் ஒரே தெருவில் குடியிருக்கலாம். ஒருவரைப் பார்த்து மற்றவர் வாங்குவதுதான் தவறு.

இக்கணக்கோடு இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் சரக்கு குறையும். வண்டி வாசலில் நிற்கும். தவணை மட்டும் நிற்காது. நல்ல ஆண்டின் ஓட்டத்தை வைத்துக் கணக்கிடுவோர், கெட்ட ஆண்டின் ஓட்டத்தையும் பக்கத்தில் எழுதி, இரண்டிலும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்தல் நலம். வானம் பார்த்த பூமியில் இந்த இரண்டாவது கணக்கே குடும்பத்தைக் காப்பாற்றும். ருடால்ப் டீசல் போடாமல் விட்ட கணக்கும் இதுதான். எஞ்சினில் வீணாகும் வெப்பத்தை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லத் தெரிந்தவர், வீட்டில் வீணாகும் பணத்தைக் காணவில்லை. அவருடைய அறிவால் உலகம் பயனடைந்தது. அந்த ஒரு குறையால் அவர் குடும்பம் துன்புற்றது.

மாணவியரே, வகுத்தலும் பெருக்கலும் உங்களுக்குக் கைவந்தவை. வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு எழும்போது, அது ஆண்கள் பேசும் பேச்சு என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள். நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், என்ன பாரம், எந்தச் சாலை, எவ்வளவு தவணை, மழை இல்லாத ஆண்டில் என்ன வருமானம் என்ற ஐந்தையும் கேட்டு எழுதுங்கள். விடை தாளிலேயே தெரியும். பெற்றோரும் தம் மகளின் கணக்கைப் பொறுமையோடு பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.